கோயில் கம்பியில் தொங்கிய தகடு

மகனே, அக்கரையில் கால் வைத்த பிறகுதான் வாசிக்க வேண்டும் என்று மடிப்பின் மேலே எழுதியிருக்கிறேன். நீ எப்போது சொல் கேட்டாய்? படகிலேயே பிரித்து வாசிப்பாய். அப்படி வாசிக்கும்போது நேவிக்காரன் வந்தால் இதை மென்று விழுங்கிவிடு. கருவாட்டுக் கையால் எழுதுகிறேன், ருசிக்குக் குறைவிருக்காது. படகுக்காரனின் பெயரையும் நீ ஏறப்போகும் இடத்தையும் எழுதவில்லை. அந்தளவு புத்தி மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்கும் இருக்கிறது.

நீ தோட்டவெளிக்கு, மாமாவிடம் பயணம் சொல்லப் போயிருக்கிறாய். வெயில் சாய முதல் வந்துவிடுவாய். அதற்குள் நான் எழுதி முடிக்க வேண்டும். வெளியே பந்தலில் சூடை மீன் காய்கிறது. காகம் வேலியில் இருந்து என்னைப் பார்க்கிறது, நான் காகத்தைப் பார்க்கிறேன். ஒரு வரி எழுதுவதும் எழும்பி ஓடுவதுமாக இருக்கிறேன். எழுத்து அங்கங்கே துள்ளியிருந்தால் அது காகத்தின் வேலை என்று வைத்துக்கொள். இருந்த இடத்தில் இருக்க முடியாமல் இருப்பதற்குக் காகம் மட்டும்தான் காரணமா என்று கேட்காதே.

வாயால் சொன்னால் என்ன என்பாய். என் வாய் உனக்குத் தெரியும். முதல் நன்மை எடுக்க வெள்ளை உடுப்போடு நீ வெளிக்கிட்டு நின்றபோது, "கொக்கு வந்திட்டுது, மீனை மூடுங்கோ" என்று சொல்லி உன்னை அழவைத்தவள் நான். உன் அப்பாவை நேவிக்காரர் ஒரு நாள் முழுவதும் முட்டுக்காலில் வைத்து அனுப்பிய அன்றும், "என்ன, செபமாலையோ சொன்னனீங்கள்?" என்றுதான் கேட்டேன். பயம் வந்தால் என் நாக்கு பகிடிப் பக்கம் ஓடிவிடும். கை அப்படியில்லை. பென்சில் பிடித்து ஒரு பகிடி எழுதி முடிக்கிறதுக்குள் அது பழசாகிவிடுகிறது. அதனால் இதில் கொஞ்சமாவது உண்மை இருக்கும்.

சொல்ல வந்தது அந்தத் தகட்டைப் பற்றி. அது சீலனுடையதா, இல்லையா என்பதைப் பற்றி. குசினிக்குள் பாம்பு புகுந்த வீட்டுக்காரர் மாதிரி நீயும் நானும் அந்தப் பேச்சைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருக்கிறோம். இன்று நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகிறேன்.

பக்கத்து வீட்டுத் திரேசக்காவுக்கு இருப்பது சீலன் ஒருவன்தான். சண்டை நின்றிருந்த அந்தக் கொஞ்சக் காலத்தில் மன்னார் பஜாரில் ஒரு கம்பியூட்டர் சென்ரர் திறந்தார்களே, அங்கே அவன் வேலைக்கு நின்றான், நீ படிக்கப் போனாய். சண்டை திரும்பத் தொடங்க சென்ரரைப் பூட்டிவிட்டார்கள். அவன் உடைசல் கம்பியூட்டர்களில் கழற்றிய சாமான்களைச் சேர்த்துத் தனக்கென்று ஒன்றைப் பொருத்திப் பூட்டி வைத்திருந்தான். உனக்குக்கூட மூடியைத் திறந்து காட்டமாட்டான். "குமர்ப்பிள்ளையை அடைச்சு வச்ச மாதிரி வச்சிருக்கிறான்" என்று நானே அவனைக் கிண்டல் பண்ணியிருக்கிறேன். அவன் இந்தியாவுக்குப் படகேறின அன்று பெட்டியையும் திரையையும் விட்டுவிட்டு, உள்ளே இருந்த பெரிய பச்சைத் தகட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். அதுதான் அதன் மூளையாம், மற்றதெல்லாம் எங்கேயும் வாங்கலாமாம். திரேசக்காதான் பொலித்தீனில் சுற்றிக் கொடுத்தாள். மற்றப் படகுகளில் போனவர்கள் அக்கரை அகதி முகாமில் இருந்து பஜார்க் கடைக்குப் போன் எடுத்தார்கள். சீலனின் படகில் போனவர்களில் ஒருவரும் எடுக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் உன் அப்பாவின் வலையில் அது வந்தது. கிழிந்த பொலித்தீன், அதற்குள் பாசி பிடித்த பச்சைத் தகடு. கரையில் நேவிக்காரர் கூடையைக் கிளறுவார்கள் என்று கீளி மீனுக்குக் கீழே ஒளித்துக்கொண்டு வந்தார். வந்ததும் என் கையில் தந்து, "இது ஆற்றயோ சாமான்" என்றார். அவ்வளவுதான். உன் அப்பா ஒரு நாளைக்குப் பேசுகிற பேச்சில் பாதி அது.

ஆருடையதோ ஒரு சாமானைக் கடல் தந்தால் நம் கரையில் என்ன செய்வோம்? கோயில் மணிக்கம்பத்துக்குப் பக்கத்துக் கம்பியில் கொண்டுபோய்த் தொங்கவிடுவோம். அறுந்த வலை, மிதப்பு, துடுப்பு எல்லாம் அங்கேதான் தொங்கும். உடையவன் வந்து தன் வீட்டுக் குறியைப் பார்த்து எடுத்துக்கொண்டு போவான். நம் குறி சிவப்புத் துணியில் ஒரு முடிச்சு, நுனி கருக்கியது. திரேசக்கா வீட்டுக் குறி நீல நூலில் மூன்று முடிச்சு. நான் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு குறியும் இல்லை. இவ்வளவு சோடிச்ச சாமானுக்கு ஒரு முடிச்சுப் போட வக்கில்லையா என்று பேசிக்கொண்டே கொண்டுபோய்த் தொங்கவிட்டேன். இன்றைக்கும் நீ அதற்காக என்னை ஏசுகிறாய். ஏசு. இன்னொரு தரம் வந்தாலும் நான் அங்கேதான் தொங்கவிடுவேன். வேறு எங்கே வைத்து உடையவனைத் தேடுவது?

பூசை முடிந்து சனம் கூடிவிட்டது. கோயில் மூப்பர் தள்ளி நின்று, "அது வெடிக்கிற சாமான், பிள்ளையளை அங்கால எடுங்கோ" என்றார். கருவாடு வாங்க வந்த முஸ்லிம் வியாபாரி நானா கிட்டப் போய் மூக்கை வைத்து மணந்து பார்த்தார். "இது டீவியின்ர குடல் பிள்ளை. நாங்க புத்தளத்தில இருக்கேக்க இப்பிடி ஒண்டு கிணத்தடியில கிடந்தது" என்றார். "குடலெண்டா உப்பு வச்சுக் காயப்போடுறன், வாங்குறீங்களோ நானா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நடுவில் நின்றுபோனது. திரும்பிப் பார்த்தேன். திரேசக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எடி பிள்ளை, இது ஆற்ற?" என்று கேட்டாள்.

எனக்கு அப்போதுதான் மண்டையில் ஏறியது. அதுவரைக்கும் அது வெறும் ஒரு சாமான்.

"அக்கா, அப்பிடி ஒண்டும் இல்லை. உலகத்தில எத்தினை தகடு கிடக்கு."

"நான் சுத்திக் குடுத்ததும் பச்சைதான்."

"எல்லாம் பச்சைதான் அக்கா."

"அப்ப எப்பிடிப் பிரிச்சுப் பாக்கிறது?"

அந்த நேரம் பார்த்து ரோந்து வந்தது. சைக்கிளில் வந்த நேவிக்காரன் ஒருவன் இறங்கி, தகட்டை விரலால் தட்டி, "இது என்ன? ஆருக்குத் தெரியும்?" என்று உடைந்த தமிழில் கேட்டான். சனம் வாயை மூடிக்கொண்டது. நான் மூடவில்லை. "என்ர மகனுக்குத் தெரியும் ஐயா, அவன் கம்பியூட்டர் படிச்சவன்" என்றேன். திரேசக்காவுக்கு ஒரு பதில் வேண்டும் என்ற அவசரம் பாதி, பெருமை பாதி. அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். பிறகு வேறு ஆட்கள் வந்து, "கம்பியூட்டர் தெரிந்த பெடியன்" எங்கே என்று கேட்டதும், நீ பெரியமடுவில் சித்தப்பா வீட்டில் போய் ஒளிந்ததும், இப்போது படகேறவென்று வந்து நிற்பதும் அந்த ஒரு சொல்லால்தான். என் முதல் புத்திமதி இது. உனக்கு ஒன்று தெரியும் என்பதை எல்லா இடத்திலும் சொல்லாதே. உன் தாயையும் சொல்லவிடாதே.

அன்று நீ தகட்டைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாய். திரேசக்கா பின்னாலேயே வந்து குசினி வாசலில் குந்தினாள். நல்ல தண்ணீரில் கழுவி, பல் தீட்டுகிற பிரசால் தேய்த்து, பந்தலில் சூடைக்குப் பக்கத்தில் வைத்துக் காயவிட்டாய். பிறகு குனிந்து தேடத் தொடங்கினாய். செய்தவன் பெயர் எங்கேயும் இல்லை. ஒரு சிப்பின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தைக் கடல் தின்றுவிட்டது, பசை மட்டும்தான் மிச்சம். மூலையில் இருந்த நீலப் பற்றரி வெடித்து, செம்புப் பாத்திரத்துக் களிம்பு மாதிரிப் பச்சையாகப் பொங்கியிருந்தது.

"என்னடா, நாடி பிடிக்கிறியோ?" என்றேன்.

"கொஞ்சம் பொறுங்கோ அம்மா."

பெரிய சிப்பில் தேய்ந்திருந்த எழுத்தை வெயிலில் சரித்துப் பார்த்தாய். "மூண்டு, எட்டு, ஆறு" என்றாய். சின்னச் சிப்புகளில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டும் செய்த ஆண்டு என்று சொல்லி ஒவ்வொன்றாக வாசித்தாய். நீ மூக்குச் சளியோடு தவழ்ந்த காலத்தில் செய்த சாமான் அது. கார்டு செருகும் நீளக் குழிகளைக் காட்டி, இப்போதைய தகடுகளில் வெள்ளைக் குழிகளும் இருக்கும், இதில் எல்லாம் கறுப்பு என்றாய். "எங்கட சென்ரரில இருந்ததுக்கு இது பூட்டன் முறை."

"அப்ப சீலன்ர இல்லையோ?" என்றாள் திரேசக்கா.

உடைசலில் பொறுக்கியவன் பழையதையும் பொறுக்கியிருப்பான். அது எனக்கே விளங்கியது. நீ தகட்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டு போய் ஒரு இடத்தில் நின்றாய். ஐந்து ரூபாய்க் குற்றி அளவு வட்டம், அதற்குள் ஐந்து துளை. கீபோர்ட் வயரை இதில்தான் செருகுவார்கள் என்றாய்.

"மாமி, சீலன்ர கீபோர்ட் வீட்டில கிடக்கோ?"

கிடந்தது. நீளமாக இருந்ததால் அவன் அதைக் கொண்டுபோகவில்லை. திரேசக்கா ஓடினாள். அந்த உடம்போடு அவள் ஓடி நான் அதற்கு முதல் பார்த்ததில்லை. வரும்போது இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாள், வயர் மணலில் இழுபட்டது. நீ பிளக்கைத் தூக்கி ஊதித் துடைத்தாய். அது பெருவிரல் நகமளவுதான் இருந்தது. அந்த வட்டத்துக்கு முன்னால் வைத்துக் காட்டினாய்.

"பாருங்கோ மாமி. இது சின்னன், அது பெரிசு. உள்ளுக்குப் போகாது. இது சீலன்ர இல்லை."

அவள் நம்பவில்லை. பிளக்கை வாங்கித் தானே வைத்து அழுத்தினாள், திருப்பினாள், மறுபடியும் அழுத்தினாள். "மெய்யாப் போகேல்லையடி!" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவன் போனதற்குப் பிறகு அவளுடைய பல்லை அன்றுதான் கண்டேன். பிறகு தகட்டைப் பார்த்தாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. "அப்ப இது எந்தத் தாயின்ர பிள்ளையின்ரயோ" என்றாள். அன்றிலிருந்து பின்னேரப் பூசைக்குப் போகும்போதெல்லாம், தகட்டின் உடையவனுக்கென்று ஒரு மெழுகுதிரி கொளுத்துகிறாள். நீ அதைக் கண்டாய். கண்டும் காணாதது மாதிரி வேறு பக்கம் பார்த்தாய்.

ஏன் என்பதும் எனக்குத் தெரியும். அன்று பின்னேரம் நான் மீன் வெட்டிக்கொண்டிருக்க, நீ கிட்ட வந்து இருந்தாய். "அம்மா, பெருவிரல் அளவில ஒரு ஜொயின்ரர் இருக்கு. சின்னப் பிளக்கை அதில செருகினா, அது பெரிய துளைக்குள்ள போகும்."

நான் கத்தியை வைத்துவிட்டேன். "அப்ப ஏன்ரா அப்பிடிச் சொன்னனி?"

"அந்த மனிசி கீபோர்ட்டைப் பிடிச்சுக்கொண்டு நிண்டதைப் பாத்தனீங்கள்தானே?"

"அவளின்ர வீட்டில அந்த ஜொயின்ரர் கிடக்கோ?"

"கேக்கேல்லை."

"ஏன் கேக்கேல்லை?"

"இருக்கெண்டு சொல்லிப்போட்டாலெண்டு."

அன்று உன்னை நான் ஏசவில்லை. ஏச வேண்டும்போலவும் இருந்தது, கட்டிப்பிடிக்க வேண்டும்போலவும் இருந்தது. "பொய் சொன்னா உன்ர மூக்குச் சிவக்குது, உனக்கு அந்தத் தொழில் சரிவராது" என்று மட்டும் சொன்னேன். அதையும் பகிடி என்று நினைத்திருப்பாய்.

இனிச் சொல்லப்போவது உனக்குத் தெரியாதது. இன்று காலை நீ சைக்கிளை எடுத்துக்கொண்டு போன கையோடு திரேசக்கா வந்தாள். கீபோர்ட்டைத் துவாயில் சுற்றி, துவாயின் மூலையில் நீல நூலில் மூன்று முடிச்சுப் போட்டிருந்தாள்.

"தம்பி அங்கால போறானாம். இதைச் சீலனிட்டக் குடுக்கச் சொல்லு. இது இல்லாம அவன் எழுத்தை எப்பிடி அடிக்கிறது?"

"குடுப்பான் அக்கா."

"முகாம் பெரிசாமே. தேடச் சொல்லு."

"அவன் நாய் மாதிரி மணந்து பிடிப்பான், நீங்கள் பயப்பிடாதேங்கோ."

அவள் சிரிக்கவில்லை. சீலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து, ஒரு சின்னச் சாமானை என் உள்ளங்கையில் வைத்தாள். கறுப்பு நிறம், பெருவிரல் அளவு. ஒரு பக்கம் சின்னத் துளைகள், மற்றப் பக்கம் தடித்த வட்டம், அதற்குள் ஐந்து ஊசி.

"இதுவும் அதோட இருந்ததுதான். அவன் போன அண்டு கழண்டு அலுமாரிக்குக் கீழ உருண்டு கிடந்திருக்கு. கூட்டேக்க கண்டனான்."

எனக்கு வாய் வரவில்லை மகனே. எனக்கு! அவள் என் முகத்தைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். போகும்போது படலையில் நின்று திரும்பினாள். "எடி பிள்ளை, இதை இஞ்ச ஒண்டிலயும் பூட்டிப் பாக்காதை. அவனிட்டக் குடுத்தாப் போதும்."

நான் எப்போது சொல் கேட்டேன்? நீ யாரின் பிள்ளை? அவள் போனதும் அரிசிப் பானைக்குப் பின்னால் கைவிட்டு, நீ ஒளித்துவைத்த தகட்டை எடுத்தேன். கீபோர்ட் பிளக்கை ஜொயின்ரருக்குள் செருகினேன். போனது. ஜொயின்ரரை அந்த வட்டத் துளைக்குள் வைத்தேன். அழுத்தவே தேவைப்படவில்லை. கீபோர்ட்டும் தகடுமாக மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். எவ்வளவு நேரம் இருந்தேனோ, காகம் ஒரு பக்கத்துச் சூடையை முடித்துவிட்டது.

அவளுக்குத் தெரியுமா, தெரியாதா என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். தெரியும் என்றால், தெரிந்துகொண்டே உன் கையில் கீபோர்ட்டைத் தருகிறாள். தெரியாது என்றால், பூட்டிப் பார்க்காதே என்று ஏன் சொல்ல வேண்டும்? இனி என் புத்தி ஓடுகிற மற்றப் பக்கத்தையும் கேள். அப்படி ஜொயின்ரர் போட்டு ஓடுகிற தகடு இன்னும் எத்தனையோ பேரிடம் இருந்திருக்கும். அவனுடையதாகவே இருந்தாலும், கடல் கொந்தளித்தால் படகுக்காரன் முதலில் பைகளைத்தான் தூக்கி எறிவான், பிள்ளைகளை அல்ல. தகடு கடலுக்கடியில் தாண்டுபோனால் சீலனும் மூழ்கிப்போனான் என்று ஆர் சொன்னது? அவன் முகாமில் இருந்துகொண்டு, போன் எடுக்க அலுப்புப்பட்டு, ஏதாவது ஒரு றேடியோவைக் கழற்றிக்கொண்டிருப்பான். இதை எனக்குள்ளே எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒரு தரம் நம்புகிறேன், ஒரு தரம் எழும்பிக் காகத்துக்குக் கல் எறிகிறேன்.

உன்னை மறிக்கலாம் என்றும் யோசித்தேன். தகட்டை உன் முன்னால் போட்டு, "இந்தா, இதுதான் நீ போற வழி" என்று கத்தலாம். கத்தினால் நீ நிற்பாய், எனக்குத் தெரியும். நின்றால் அவர்கள் திரும்ப வருவார்கள். அதனால்தான் இதை அங்கால போய் வாசி என்றேன். நீ சொல் கேட்காமல் நடுக்கடலில் வாசித்துக்கொண்டிருந்தால், திரும்பிப் பார்க்காதே. முன்னுக்குப் பார்.

கரையேறியதும் பதிவு, சோறு எல்லாம் பிறகு. முதலில் சீலனைத் தேடு. கண்டால் கீபோர்ட்டைக் கொடுத்து, காதைப் பிடித்து ஒரு திருகுத் திருகு, அது என் கணக்கில். பிறகு பஜார்க் கடைக்குப் போன் எடுத்து, "குடுத்திட்டன்" என்று மட்டும் சொல். அவன் இல்லையென்றால், அவனுடைய படகில் வந்த ஒருவரும் இல்லையென்றால், "என்னட்ட இருக்கு" என்று சொல். இரண்டில் ஒன்று. இரக்கப்பட்டு மூன்றாவது ஒன்றைக் கண்டுபிடிக்காதே. திரேசக்காவுக்குப் பொய் சொல்ல வேண்டி வந்தால் அதை நான் பார்த்துக்கொள்கிறேன். இந்த ஊரில் என்னைவிட நல்லாகப் பொய் சொல்ல ஆள் இல்லை. எனக்கு மட்டும் நீ உண்மையைச் சொல்.

ஜொயின்ரரை நான் அனுப்பவில்லை. உயிரோடிருக்கும் சீலனுக்கு அங்கே அது எதற்கு? அது பூட்டுகிற தகடு இங்கேதான் கிடக்கிறது. "குடுத்திட்டன்" என்று சொல் வந்த அன்று, அந்தத் தகட்டுக்கு நீல நூலில் மூன்று முடிச்சுப் போட்டு, கொண்டுபோய்க் கோயில் கம்பியில் தொங்கவிடுவேன். ரோந்து வந்தாலும் வரட்டும். மற்றச் சொல் வந்தால், அது குறி இல்லாமலே பானைக்குப் பின்னால் கிடக்கட்டும்.

உன் பையின் காதில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன். ஒரு முடிச்சு, நுனி கருக்கியது. "நான் என்ன வலையோ அம்மா?" என்பாய். ஓம், வலைதான். அவிழ்க்காதே.

ஒழுங்கையில் உன் சைக்கிள் சங்கிலிச் சத்தம் கேட்கிறது, இன்னும் எண்ணெய் விடவில்லை நீ. படலைக்குள் நுழைந்ததும், "இந்தியாவுக்குப் போற மாப்பிள்ளை இந்தச் சேட்டைப் போட்டுக்கொண்டுதானோ போறார்?" என்று கேட்கப்போகிறேன். நீ சிரித்துவிடு. அந்தக் கேள்விக்குள் இந்தக் கடதாசி முழுவதும் இருந்தது என்று இப்போது உனக்குத் தெரியும்.

அம்மா